தன் குரலைத் தானே கேட்டல்

பேசுகின்ற ஒருவனுடைய சொல்லை முதன்முதலில் கேட்பவர் யார்? வகுப்பறையில் இவ்வினாவை எழுப்பினால், எதிரே அமர்ந்திருப்பவர் என்றே மாணவர் விடை கூறுவர். பேசுகின்றவனே தன் சொல்லை முதலில் கேட்பவன் என்பது சற்று எண்ணிப் பார்த்த பின்னரே விளங்கும். வாய்க்கும் காதுக்கும் இடையே ஒரு சாண் தொலைவுதான் உண்டு. அத்தொலைவைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு கூறுகூட வேண்டியதில்லை. நாம் அறியாமலே நம் செவி நம் நாவை மேற்பார்வையிடுகிறது. அறை இரைச்சலாக இருந்தால் குரலை உயர்த்தச் சொல்கிறது. அமைதியாக இருந்தால் தாழ்த்தச் சொல்கிறது. நழுவிய எழுத்தைத் திருத்தச் சொல்கிறது. இந்த மேற்பார்வையை அறிஞர்கள் கண்டறிந்த வரலாற்றையும், வீட்டில் அமர்ந்து நூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வோர்க்கு ஹெட்போனால் நேரும் இடர்களுக்கு அவ்வரலாறு காட்டும் வழியையும் இன்று பேசக் கருதுகிறேன்.

ஹெட்போன் என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். காதொலிப்பான் முதலாகத் தமிழாக்கங்கள் சில உள்ளன. அவை நல்ல சொற்களே. ஆயினும் கடையில் சென்று காதொலிப்பான் கேட்டால் கடைக்காரர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். ஆதலின் வழக்கில் உள்ள பெயரையே ஆள்கிறேன்.

நூலைக் குரலாக்கும் எண்ணம் ஒலிப்பதிவுப் பொறி பிறந்தபோதே பிறந்துவிட்டது. தாமஸ் ஆல்வா எடிசன் தம் போனோகிராபை 1877-இல் இயற்றினார். மறு ஆண்டு ஓர் அமெரிக்க இதழில் கட்டுரை எழுதியபோது, அப்பொறியால் விளையக்கூடிய பயன்களை வரிசைப்படுத்தினார். பார்வையற்றோர்க்குப் பேசும் நூல்கள் என்பது அவ்வரிசையில் முன்னிடம் பெற்றது. எடிசனுக்கே செவிப்புலன் குன்றியிருந்தது என்பதை இங்கு நினைக்கத் தோன்றுகிறது. காது மந்தமான ஒருவர் கண்ணிழந்தோர்க்காக எண்ணிய எண்ணம் அது.

அவ்வெண்ணம் நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அக்கால இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடமே ஓடியது; அதில் ஒரு நாவலை அடக்க இயலுமா? முதல் உலகப் போர் இத்தேவையை முன்னே தள்ளியது. இங்கிலாந்தில் அயன் பிரேசர் என்னும் இளைஞர் 1916-இல் சோம் போர்க்களத்தில் பார்வை இழந்தார். அப்போது அவருக்கு வயது 18. பின்னர்ப் போரில் கண்ணிழந்தோரைப் பேணும் செயின்ட் டன்ஸ்டன்ஸ் நிறுவனத்தின் தலைவராகி, பேசும் நூல் முயற்சிக்கு ஊக்கம் அளித்தார். அமெரிக்காவிலும் பார்வையற்றோர்க்கான அறநிலையம் ஒன்று நீண்டு ஓடும் இசைத்தட்டை ஆராய்ந்து, 1934-இல் பேசும் நூல்களை வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டில் இங்கிலாந்து தன் நூல்களை அனுப்பத் தொடங்கியது. முதலில் சென்றவற்றுள் ஒன்று அகாதா கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல். மற்றொன்று ஜோசப் கான்ராட் எழுதிய கடற்கதை.

அந்நாளில் வாசிப்பு எவ்வாறு நடந்தது என்பது நம் பொருளுக்கு இன்றியமையாதது. வாசிப்பவர் ஒலி புகாத அறையில் அமர்ந்திருப்பார். கண்ணாடிக்கு அப்பால் மற்றோர் அறையில் பதிவாளர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தட்டில் வெட்டப்பட்ட ஒலியை அழிக்க முடியாது. பக்கத்தின் இறுதியில் ஒரு சொல் பிழைத்தாலும் அப்பக்கம் முழுவதையும் மீண்டும் வாசிக்க நேரும். எனவே கேட்பவர் விழிப்பாகக் கேட்டார். வாசிப்பவர் அமைதியாக வாசித்தார். வாசிப்பு ஒருவர் கடமை, கேட்டல் மற்றொருவர் கடமை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பார்வையிழந்த அமெரிக்க வீரர்கள் கல்லூரிக்குச் சென்று பயில விரும்பியபோது, அவர்களுக்குப் பாடநூல் வாசிக்க 1948-இல் நியூயார்க்கில் ஆன் மெக்டொனால்டு என்னும் அம்மையார் தொண்டர்களைத் திரட்டினார். நூலகத்தின் மேன்மாடத்தில் அவ்வேலை நடைபெற்றது. ஆறு அங்குலத் தட்டொன்றில் பக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பதிவாயிற்று.

2005-இல் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரில் ஹியூ மெக்குவைர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்னும் முயற்சி இம்முறையை அடியோடு மாற்றியது. உரிமைக்காலம் முடிந்த நூல்களை, உலகெங்குமுள்ள தொண்டர்கள் தத்தம் வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து எல்லார்க்கும் இலவசமாக வழங்கலாம் என்பது அதன் ஏற்பாடு. அதில் முதலாவதாக வாசிக்கப்பட்டதும் கான்ராட் எழுதிய நாவலே என்பது ஒரு தற்செயல் ஒற்றுமை. வரலாறு கற்பித்தவனாதலின் இத்தகைய ஒற்றுமைகளில் எனக்கு ஒரு தனி விருப்பம் உண்டு. ஆடாசிட்டி என்னும் இலவசப் பதிவு மென்பொருள் 2000-ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. ஒரு மைக், ஒரு கணினி, ஒரு ஹெட்போன் இருந்தால் போதும். அடுக்களைக்கு அடுத்த அறையே ஒலிப்பதிவு நிலையம் ஆயிற்று.

ஆனால் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து கேட்டவர் எங்கே? அவர் இல்லை. வாசிப்பவரே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாசிக்கும்போதே கேட்கவும் வேண்டியதாயிற்று. இடர் தொடங்கிய இடம் இதுவே.

என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பார்வையற்ற கல்லூரி மாணவர் சிலருக்காகத் தம் வீட்டில் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்துவந்தார். கணீரென்ற குரல், முப்பது ஆண்டுகள் கம்பனை நடத்திய நா. ஒருநாள் தம் பேரன் அன்புடன் வாங்கித் தந்த கம்பியில்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். இரண்டு வரி தாண்டவில்லை, நா குழறிற்று. சொல்லின் கடைசி அசை இருமுறை வந்தது. எளிய தொடரும் இழுபட்டது. மூன்று நாள் முயன்றார். பின்னர் என்னிடம் வந்து, "ஐயா, எனக்கு வாதம் தொடங்கிவிட்டது போலிருக்கிறது, இனி என்னால் வாசிக்க இயலாது, பிள்ளைகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் என்னிடம் பேசிய அந்தக் கால் மணி நேரத்தில் அவர் நா ஒருமுறையும் தடுமாறவில்லை என்பதை நான் கவனித்தேன். நோய் நாவில் இருந்திருந்தால் அது திண்ணையிலும் தடுமாறியிருக்கும் அன்றோ?

இதற்குரிய விடை 1950-இலேயே கிடைத்துவிட்டது. அதைச் சொல்லுமுன் அதற்கு முந்திய இரண்டு மூன்று படிகளைச் சொல்ல வேண்டும்.

பாரிஸ் நகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக விளங்கிய எத்தியேன் லொம்பார் என்பவர், நோயாளி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் காதில் இரைச்சலைச் செலுத்தினால், அவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதைக் கண்டார். 1911-இல் அதை வெளியிட்டார். இதனால் ஒரு வேடிக்கையான பயனும் விளைந்தது. காது கேளாதவர்போல் நடிப்போரைக் கண்டுபிடிக்க இச்சோதனை உதவியது; உண்மையில் செவிடராயின் இரைச்சல் அவர் குரலை உயர்த்தாதன்றோ? தொலைபேசிப் பொறியாளர்கள் இதன் மறுபக்கத்தைக் கண்டனர். பேசுபவர் குரல் தொலைபேசிக் கருவி வழியே அவர் காதுக்கே மிகுதியாகத் திரும்பி வந்தால் அவர் குரலைத் தாழ்த்திவிடுகிறார். அறவே வராவிட்டால் கருவி பழுதென்று எண்ணி உரக்கக் கத்துகிறார். ஆகவே தன் குரல் தனக்குச் சிறிதளவு கேட்குமாறு அளந்து அமைத்தனர்.

ஹெட்போனில் ஒலியளவை எவ்வளவு வைப்பது என்று கேட்போர்க்கு இவ்வரலாறே விடை. மிகுதியாக வைத்தால் வாசிப்பு முணுமுணுப்பாகும். மிகக் குறைத்தால் மேடைப் பேச்சாகும். பதிவு முழுவதும் ஒரே அளவில் இருக்கவேண்டுமெனின், ஒலியளவைத் திருகும் குமிழை ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்வது நலம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் ஏறி இறங்கினால் கேட்பவர் ஒவ்வொரு முறையும் கைநீட்டிச் சரிசெய்ய நேரும்.

இனி, நம் குரல் காற்றின் வழியாக மட்டும் நமக்குக் கேட்பதன்று. தாடையெலும்பு, மண்டையெலும்பு வழியாகவும் உட்செவியை அடைகிறது. இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1827-லேயே, காதை அடைத்துக்கொண்டு பேசினால் தன் குரல் உள்ளே பெருகிக் கேட்பதைக் குறித்துவைத்தார். ஹங்கேரியில் பிறந்த கியோர்க் வான் பெகேசி 1949-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காற்றின் வழியும் எலும்பின் வழியும் வரும் இரு பங்குகளும் ஏறத்தாழச் சம அளவினவே என்று காட்டினார். செவி பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. பதிவில் தம் குரலை முதன்முதலாகக் கேட்பவர், "இது என் குரலா?" என்று திகைப்பதன் காரணம் இதுவே, எலும்பு தந்த பங்கு பதிவில் இல்லை. காதை முழுதும் மூடும் ஹெட்போனை அணிந்து வாசிக்கும்போது குரல் குடத்துக்குள் ஒலிப்பதுபோல் தோன்றுவதும் இதனால்தான். மைக்கில் குறை தேட வேண்டா. ஒரு காதை மட்டும் மூடி, மற்றதைச் சற்றே விலக்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தீரும். விலக்கிய பக்கத்திலிருந்து ஒலி கசிந்து மைக்குக்குள் புகாமல் அதைத் தலையோடு ஒட்டி வைக்கவேண்டும்.

கசிவு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டு அடுக்களையில் ஹெட்போன் செய்து கடற்படைக்கு விற்றார். மெல்லிய கம்பியில்லாத் தந்தி ஒலிகளைப் பிடிப்பதற்கான கருவி அது. காதில் இசை கேட்டு மகிழ்வதற்கென ஸ்டீரியோ ஹெட்போனை ஜான் காஸ் 1958-இல் கொணர்ந்தார். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹெய்சர் நிறுவனம் பின்புறம் திறந்த ஹெட்போனை வெளியிட்டது. காதுக்கு இதமானது, இயல்பான ஒலியுடையது. இசை கேட்போர் அதைப் போற்றுவது முறையே. வாசிப்பவர்க்கோ அது ஆகாது. திறந்த பின்புறத்தின் வழியே வெளியேறும் ஒலியை மைக் மீண்டும் பிடித்துக்கொள்ளும். வாசகத்தின் பின்னே பேய்க்குரல் ஒன்று தொடரும். வாசிப்புக்கு மூடிய ஹெட்போனே ஏற்றது. ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே வாசிக்கலாமா என்று கேட்போரும் உளர். திருமணப் பந்தலில் மைக் ஊளையிடுவதைக் கேட்டவர்க்கு விடை கூற வேண்டியதில்லை.

இப்போது 1950-க்கு வருவோம். இசைத்தட்டு போய்க் காந்த நாடா வந்த காலம். சிறந்த நாடாப் பொறிகளில் பதிவதற்கு ஒரு தலையும், பதிந்ததைக் கேட்பதற்கு அதன் பின்னே மற்றொரு தலையும் இருந்தன. வாசிப்பவர் இரண்டாம் தலையிலிருந்து கேட்டால், நாடா ஒரு தலையிலிருந்து மற்றதற்கு நகரும் நேரம் தாமதமாகும். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் இரு தலைகளுக்கும் ஒன்றரை அங்குல இடைவெளி இருப்பின், தாமதம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பெர்னார்டு லீ என்ற அமெரிக்கர் இவ்வாறு தாமதித்த குரலைக் காதில் கேட்கச் செய்து பலரை வாசிக்கவைத்தார். நன்றாகப் பேசக்கூடியவர்கள் அசைகளை இரட்டித்தனர், இழுத்தனர், குரலை உயர்த்தினர், சிலர் வாசிப்பதையே நிறுத்திவிட்டனர். லீ இதற்குச் செயற்கைத் திக்கல் என்று பெயரிட்டார். பின்வந்த ஆராய்ச்சிகளும் நாவை மிகுதியாகக் குலைப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடித் தாமதமே என்று உறுதிப்படுத்தின. இயல்பாகவே திக்குவோர் சிலர் இதே தாமதத்தால் சரளமாகப் பேசினர் என்பது விந்தையிலும் விந்தை. அது தனிப் பேச்சுக்குரிய பொருள்.

இன்றைய கம்பியில்லா ஹெட்போன்களின் தாமதம் எவ்வளவு தெரியுமா? புளூடூத் வழியே குரலைப் பொதிந்து, அனுப்பி, பிரித்துத் தருவதற்குப் பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்கு வரை ஆகிறது. லீ கண்ட தீய அளவு இவ்விரண்டுக்கும் நடுவே அமர்ந்திருக்கிறது. என் நண்பரின் நாவுக்கு நேர்ந்தது வாதமன்று. 1950-இன் சோதனை அவர் வீட்டில் அறியாமல் மீண்டும் நடந்தது. கம்பியுள்ள பழைய ஹெட்போனை அவரிடம் கொடுத்து, மைக்கின் அடியிலேயே இருந்த துளையில் அதைச் செருகி வாசிக்கச் சொன்னேன். அன்று மாலையே ஓர் அத்தியாயம் முடிந்தது.

கம்பியுள்ள ஹெட்போனைக் கணினியில் செருகியும் தாமதம் நேர்வதுண்டு. காரணம் எளிது. கணினி நம் குரலை நொடிக்கு 44,100 துணுக்குகளாக அளக்கிறது. ஒவ்வொரு துணுக்கையும் வந்தவுடன் எடுத்துச் செல்வதில்லை. கவலை இறைப்பில் சால் நிரம்பிய பின்னரே எருது நடப்பதுபோல், ஒரு தொகுதி நிரம்பிய பின்னரே எடுக்கிறது. பஃபர் எனப்படுவது இந்தச் சால்தான். அதன் அளவு 1024 துணுக்கு என்றால், நிரம்புவதற்கு ஒரு நொடியின் ஆயிரம் கூறுகளில் 23 கூறு ஆகும்; வெளியேயும் அவ்வாறே ஊற்றவேண்டுமாதலின் இரட்டிக்கும்; கணினியின் பிற வேலைகளால் மேலும் கூடும். அளவை 128 ஆக்கினால் 3 கூறுக்குக் குறையும். அது ஒரு முழ நீளத்தை இரண்டு மூன்று மடங்காக்கிய தொலைவிலிருந்து கேட்பது போன்றதே, செவி பொருட்படுத்தாது. ஆனால் சால் மிகச் சிறிதானால் எருது ஓயாமல் ஓட வேண்டும். கணினி இளைத்துப் பதிவில் படபடவென்று வெடிப்பொலி விழும். இத்தாமதத்தைக் குறைப்பதற்கென்றே ஸ்டைன்பெர்க் என்ற ஜெர்மானிய நிறுவனம் 1997-இல் ஏசியோ என்னும் இணைப்பு முறையை வகுத்தது. இசைக் கலைஞர்க்கு அது பெரும் உதவி.

நூல் வாசிப்பவர்க்கு அவ்வளவு முயற்சி வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவர் குரல் கணினிக்குள் சென்று திரும்பவே வேண்டா. நல்ல யுஎஸ்பி மைக்குகளிலும் ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் சிறு பெட்டிகளிலும் ஹெட்போனுக்குத் தனித் துளை உண்டு. மைக்கின் ஒலி கணினியை எட்டுமுன்பே அங்கிருந்து நேரே காதுக்கு வரும். டைரக்ட் மானிட்டரிங் என்று அதற்குப் பெயர். அதை இயக்கிய பின், மென்பொருளில் குரலைத் திருப்பி ஒலிக்கும் வசதியை மறவாமல் நிறுத்திவிட வேண்டும். இரண்டும் ஒருங்கே இருந்தால் ஒரே குரல் இருமுறை வந்து, கிணற்றடியில் பேசியதுபோல் கேட்கும். ஆடாசிட்டியிலும் அவ்வசதி உண்டு. எதிரொலி கேட்கிறது என்று புகல்வோரில் பலர் வீட்டில் எதிரொலியே இல்லை, இந்த வசதிதான் இயங்கிக்கொண்டிருக்கிறது. சிலர்க்கு ஒரு காதில் மட்டும் குரல் கேட்கும். மைக் ஒன்றாக இருக்க, மென்பொருள் இருபாதைப் பதிவுக்கு அமைந்திருப்பதே காரணம். மோனோ என மாற்றினால் இரு காதிலும் வரும். குரல் மெலிந்து தொலைவில் ஒலித்தால் செருகியை அழுத்திப் பார்க்க வேண்டும். பாதி செருகிய செருகி பலரைக் கடைவரை நடக்கவைத்திருக்கிறது.

வாசிக்கும்போது ஹெட்போன் அறவே வேண்டுமா என்ற ஐயம் எஞ்சுகிறது. என் அளவில் வேண்டா என்பேன். இசைத்தட்டுக் காலத்தில் கேட்டவர் வேறு, வாசித்தவர் வேறு. ஒருவரே இருவராகும்போது, இரு வேலைகளையும் இரு வேளைகளில் செய்வது எளிது. தன் குரலின் அழகைக் கேட்டுக்கொண்டே வாசிப்பவர் பொருளை விட்டுவிடுகிறார். ஆசிரியப் பயிற்சி பெற வந்த இளைஞர் பலரிடம் இக்குறையைக் கண்டிருக்கிறேன். ஆதலின் நான் ஹெட்போனைத் தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் முழு நேரமும் அணிகிறேன். தொடக்கத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் அரை நிமிடம் அறையை மட்டும் கேட்பேன். காதால் கேளாதனவெல்லாம் அப்போது கேட்கும்: அடுத்த அறைக் குளிர்பெட்டியின் ரீங்காரம், நாற்காலியின் முனகல், தெருக்கோடியில் ஒரு சைக்கிள் மணி. பிறகு இரண்டு தொடர் வாசித்து அளவைப் பார்த்து, ஹெட்போனைக் கழற்றி மேசையின் அப்பால் வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்குவேன். வாசித்து முடித்த பின், மறுநாள் காலையில், நூலைக் கையில் விரித்துக்கொண்டு ஒரு வரி விடாமல் கேட்பேன். விட்ட சொல்லும், வாய்க்குள் ஒட்டிய ஓசையும், தாள் புரண்ட சலசலப்பும் அப்போது தெரியும். அவ்விடங்களைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து, அன்று மாலை அவற்றை மட்டும் மீண்டும் வாசித்து ஒட்டிவிடுவேன்.